சீஸுக்கு முன்னால் பில்

"வண்டியை நிறுத்து" என்றாள் மிரேய்.

"மறுபடியுமா?" அனூக் ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "அம்மா, லிமோஜ்ல இருந்து கிளம்பி இன்னும் அரை மணி ஆகல. அதுக்குள்ள ரெண்டு தடவை நிறுத்தியாச்சு."

"அந்த பேக்கரில உருளைக்கிழங்கு அடைச்ச பை ரொட்டி போட்டிருக்காங்க, பாரு. ஞாயித்துக்கிழமை காலையில போனாதான் சூடா கிடைக்கும்."

பின் சீட்டில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த பாஸ்தியான் சட்டென்று கண்ணைத் திறந்தான். "உருளைக்கிழங்கா? நடுவுல ஓட்டை போட்டு க்ரீம் ஊத்துவாங்களே, அதா?"

"ஆச்சு, தீனிப்பண்டாரம் எழுந்தாச்சு" என்றாள் அக்கா. ஆனாலும் வண்டியை ஓரம் கட்டினாள்.

மூன்று நாளாக இதே கூத்துதான். லீல் நகரத்திலிருந்து பெரிய சாலையைப் பிடித்திருந்தால் காலையில் கிளம்பி ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். மிரேய் சின்னச் சின்ன ரோடுகளாகப் பார்த்துத் திருப்பச் சொன்னாள். ஒரு ஊரில் பன்றிக்கறி, அடுத்த ஊரில் ஆற்று மீன், அதற்கடுத்த ஊரில் ஆட்டுப்பால் சீஸ். அந்தச் சீஸ் இப்போது வண்டியின் பின்னால் வெயிலில் புழுங்கி, அதன் வாடை மூன்று பேரின் சட்டையிலும் ஏறிவிட்டது.

'அப்பா போனப்புறம் நாம மூணு பேரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடவே இல்ல. சாப்பிட்டுக்கிட்டே தெற்கே ஒரு சுத்து போயிட்டு வருவோம்' என்று அவள் கூப்பிட்டபோது பிள்ளைகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். கணவன் போன துக்கத்தில் அம்மாவுக்கு ஊர் சுற்றத் தோன்றுகிறது என்று அவர்கள் நினைப்பு. பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்?

நமக்குத் தெரியும். ஏப்ரலில் கண்ணை மூடிய லூசியான், தன் பிள்ளைகளிடம் சொல்லி வந்ததுபோல் ரூவான் ஊர் அநாதை இல்லை. தெற்கே தொர்தோன் மாவட்டத்து வெர்னியாக் கிராமத்தில் அவனுக்கு ஒரு வீடு இருந்தது. ஜனீன் என்று ஒரு மனைவி இருந்தாள். செவ்ரின் என்று ஏழு வயதில் ஒரு மகள் இருந்தாள். அந்த ஊர்த் தபால் ஆபீஸுக்கு வேலைக்கு வந்த மிரேயின் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனையையும் விட்டுவிட்டு வடக்கே ஓடிப்போனவன் அவன்.

வருகிற வியாழக்கிழமை சொத்துப் பங்கீட்டுக்காக நோட்டரியிடம் போகவேண்டும். அந்த நாட்டுச் சட்டப்படி ஒருவர் போய்விட்டால் அவர் பெற்ற பிள்ளைகள் அத்தனை பேரையும் நோட்டரி கூப்பிட்டாக வேண்டும், ஒருவரை விட்டுவிட்டு வீட்டுச் சாவியைக்கூடக் கை மாற்ற முடியாது. அங்கே மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ ஒரு கோட்டுப் போட்ட மனிதர், 'உங்கள் மூத்த சகோதரி' என்று ஆரம்பித்தால்? அனூக்கை மிரேய்க்குத் தெரியும். எழுந்து போய்விடுவாள். போனால் திரும்பி வரமாட்டாள்.

அதனால்தான் போன வாரம் செவ்ரினுக்குப் போன் போட்டாள். அந்தப் பெண் இப்போது வெர்னியாக்கில் சின்ன உணவு விடுதி நடத்துகிறாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சொன்னது இதுதான்:

"கூட்டிட்டு வாங்க. ஆனா என் வாசப்படி ஏறுறதுக்கு முன்னாடி அவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கணும். சொல்லாம கூட்டிட்டு வந்தீங்கன்னா, கஸ்டமருக்குப் பரிமாறுற மாதிரி பரிமாறுவேன். பில் கொடுப்பேன். கதவைச் சாத்திடுவேன். அதுக்கப்புறம் இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க."

"உங்க அம்மா..." என்று மிரேய் இழுத்திருந்தாள்.

"அம்மா அன்னைக்கு இருக்க மாட்டாங்க. பெரிகோல சித்தி வீட்டுக்குப் போறாங்க."

பேசி வைத்த ஞாயிற்றுக்கிழமை இன்றுதான். ஒரு மணிக்கு மேஜை சொல்லி வைத்திருந்தாள். பிள்ளைகளைப் பொறுத்தவரை அது இன்னொரு சாப்பாட்டுக் கடை, அவ்வளவுதான்.

பேக்கரி வாசலில், காரின் மூக்குமேல் காகிதத்தை விரித்து மூவரும் பை ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். க்ரீம் பாஸ்தியானின் முழங்கை வரை வழிந்தது.

மிரேய் தொண்டையைக் கனைத்தாள். இப்போது சொல்லிவிடலாம். காற்றாட நிற்கிறார்கள், வயிறும் நிறைந்திருக்கிறது. "உங்க அப்பா..." என்று ஆரம்பித்தாள்.

"அப்பா இருந்திருந்தா இந்நேரம் பாதியை முடிச்சிருப்பார்" என்றான் பாஸ்தியான்.

"முடிச்சிட்டு, 'எனக்குப் பசியே இல்ல, உங்களுக்காகத்தான் சாப்பிட்டேன்'னு சொல்லியிருப்பார்" என்றாள் அனூக்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு முடியும்போது அனூக்கின் கண் கலங்கியிருந்தது. மிரேய் காகிதத்தை மடித்தாள், மறுபடி மடித்தாள், நகத்தால் தேய்த்துத் தேய்த்துச் சின்னப் பொட்டலமாக்கினாள். வாய்க்கு வந்தது உள்ளேயே போய்விட்டது.

அடுத்து செந்த்-இரியே. "மதலேன் கேக்குக்கு இந்த ஊரை விட்டா வேற ஊர் கிடையாது" என்று அங்கேயும் நிறுத்தச் சொன்னாள். அனூக் பல்லைக் கடித்துக்கொண்டு கடைக்குள் போனாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம், வரிசை தெருவரை வந்திருந்தது.

மகன் மட்டும் காரில் இருந்தான். இவனிடம் முதலில் சொன்னால் என்ன? இவன் இளகின மனசுக்காரன். அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெரியவளிடம் சொல்லலாம்.

"பாஸ்தியான், உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"எனக்குத் தெரியும்மா."

மிரேய் சட்டென்று திரும்பினாள். "என்ன தெரியும்?"

"மூணு நாளா நீ ஒரு இடத்துல உட்காரல. ராத்திரியெல்லாம் புரள்றே. போன் அடிச்சா பதறுறே. எனக்கென்ன வயசாகலயா?" அவன் முன்னால் சாய்ந்து அம்மாவின் தோளில் கை வைத்தான். "யாரோ ஒருத்தர் இருக்கார். அதானே? நம்ம வீட்டுக் கதவு ரிப்பேருக்கு வந்துக்கிட்டே இருந்தாரே, அந்த மிஷேல்தானே?"

"சீ! போடா!"

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லம்மா. அக்காவை நான் பார்த்துக்கறேன். ஆனா ஒரு கதவுக்கு ஆறு தடவை வந்தாரு, அந்த ஆளுக்கு வேலை தெரியாதுங்கிறது மட்டும் நிச்சயம்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் அனூக் கேக் பெட்டியோடு வந்து கதவைப் படாரென்று சாத்தினாள். "இனிமே நேரா அந்த ஊர்தான். நடுவுல யாராவது நிறுத்தச் சொன்னீங்க, இறக்கி விட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்."

நிறுத்தச் சொன்னாள். வேறென்ன செய்வாள்? எக்ஸிதய் தாண்டியதும் ரோட்டோரத்தில் ஒருத்தி பச்சை வால்நட் கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

இந்தத் தடவை அனூக் கத்தவில்லை. வண்டியை நிறுத்தினாள், எஞ்சினை அணைத்தாள், சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினாள். தம்பியைப் பார்த்து, "நீ போய் வாங்கிட்டு வா" என்றாள். அவன் போகும்வரை காத்திருந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"எந்த டாக்டர்?"

"அம்மா, என்கிட்ட விளையாடாதே. வருஷத்துக்கு ஒரு தடவைகூட வெளிய வராதவ, திடீர்னு ஊர் ஊரா நிறுத்தி எங்களை ஊட்டி விடறே. கடைசியா எல்லாத்தையும் ஒரு தடவை பார்த்துடணும்னு பார்க்கறியா? என்ன வியாதி? சொல்லு."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லடி! நல்லாத்தான் இருக்கேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அனூக்கின் தோள் தளர்ந்தது. முப்பத்தேழு வயதுப் பெண், ஆஸ்பத்திரியில் இருபது நர்ஸுகளை ஆட்டி வைப்பவள், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். "நேத்து ராத்திரி பூரா அதைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். எதுவா இருந்தாலும் சொல்லிடும்மா. நான் தாங்கிப்பேன். மறைச்சா மட்டும் தாங்க மாட்டேன். அப்பாவைப் பாரு. டாக்டர் சொன்ன அன்னைக்கே எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வச்சு சொன்னார். வாழ்க்கையில ஒரு பொய் சொன்னதில்ல அந்த மனுஷன்."

போயிற்று. சொல்ல இருந்த கடைசி வழியும் அத்தோடு அடைபட்டுப் போயிற்று. மிரேய் சீட் பெல்ட்டை இழுத்தாள், விட்டாள், இழுத்தாள்.

பாஸ்தியான் வால்நட் பையோடு வந்து ஏறினான். "என்ன ரெண்டு பேரும் அழுதிருக்கீங்க? மிஷேல் விஷயம் சொல்லியாச்சா?"

"யாருடா மிஷேல்?" என்றாள் அனூக்.

வெர்னியாக்கில் மாதா கோவிலில் ஒரு மணி அடித்தபோது அவர்கள் விடுதி வாசலில் இருந்தார்கள். மிரேய் படியில் கால் வைக்காமல் செருப்பில் கல் புகுந்ததாகச் சொல்லிக் குனிந்தாள். கைப்பை வாரைச் சரி செய்தாள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் தபால் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது முடிதிருத்தும் கடை இருக்கிறது என்பதைப் பார்த்தாள்.

"ஒரு நிமிஷம். உள்ளே போறதுக்கு முன்னாடி..."

"கிச்சன் மூடிடுவாங்கம்மா! இதுக்காக மூணு நாளா வந்துட்டு, ரொட்டியும் தண்ணியும் சாப்பிட்டுட்டுப் போகவா?" பாஸ்தியான் அவள் முழங்கையைப் பிடித்து அலேக்காகப் படியேற்றிவிட்டான்.

உள்ளே ஏழெட்டு மேஜை, எல்லாம் நிறைந்திருந்தது. ஜன்னலோரத்தில் ஒன்று மட்டும் காலி. நீல ஏப்ரன் கட்டிய உயரமான பெண் ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். லூசியானின் அதே புருவம், நடுவில் சேர்ந்த புருவம்.

செவ்ரின் முதலில் பிள்ளைகளைப் பார்த்தாள். அனூக்கைப் பார்த்தாள், பாஸ்தியானைப் பார்த்தாள், அவசரமே இல்லாமல் பார்த்தாள். பிறகு மிரேய் பக்கம் திரும்பிக் கண்ணாலேயே கேட்டாள். மிரேய் மெல்லத் தலையை ஆட்டினாள். இல்லை, சொல்லவில்லை.

அந்த முகத்தில் அதுவரை இருந்த ஏதோ ஒன்று சட்டென்று அணைந்தது. "வணக்கம் மேடம். வாங்க சார். உட்காருங்க" என்றாள், வழியில் போகிற எவருக்கும் சொல்கிற குரலில்.

"அஞ்சு தட்டு இருக்கே" என்றான் பாஸ்தியான். "நாங்க மூணு பேர்தான்."

"இருக்கட்டும் சார். ஞாயித்துக்கிழமை ஆள் கூடும், குறையும்."

அவள் போனதும் அவன் குனிந்து, "இவங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு" என்றான்.

"உனக்குச் சோறு போடுற எல்லாரையும் பார்த்த மாதிரிதான் இருக்கும்" என்றாள் அனூக்.

சூப் வந்தது. வாத்துக் கொழுப்பில் வதக்கிய பூண்டு, முட்டை, அடியில் காய்ந்த ரொட்டி. பெரிய பாத்திரத்தை மேஜை நடுவில் வைத்துவிட்டு செவ்ரின் போய்விட்டாள். மிரேய் ஸ்பூனைக் கையில் எடுத்தாள், வைத்தாள். இப்போது. சூப் முடிவதற்குள். சூப் முடிந்ததும்.

"அம்மா, அங்க பாரு" என்றாள் அனூக்.

பக்கத்து மேஜையில் மூன்று கிழவர்கள். ஒருத்தர் சூப்பை முக்கால்வாசி குடித்துவிட்டு, ஸ்பூனைக் கிண்ணத்தில் கவிழ்த்துப் போட்டார். அதன் முதுகு மூழ்கும்வரை சிவப்பு ஒயினை ஊற்றினார். கிண்ணத்தை ஒரு சுழற்றுச் சுழற்றி, இரண்டு கையாலும் தூக்கி மடமடவென்று குடித்தார். அடுத்தவரும் அதையே செய்தார்.

"அப்பா பண்றது!" பாஸ்தியானுக்கு ஒரே சந்தோஷம். "லீல்ல எல்லாரும் சிரிப்பாங்களே, அப்பாவோட கோமாளித்தனம்னு! இங்க ஊரே பண்ணுதே!"

மிரேய் அந்தக் கிழவர்களையே பார்த்தாள். மூன்று நாளாக எத்தனையோ யோசித்தாள், இதை யோசிக்கவில்லை. நாற்பது வருஷம் ஒரே மனிதனின் கையில் பார்த்துப் பார்த்து, அது அவன் பழக்கம் என்றே நினைத்துவிட்டாள். அது இந்த மண்ணின் பழக்கம், இந்தப் பக்கத்தில் பிறந்த ஆம்பிளைகள் அத்தனை பேருடைய பழக்கம் என்பது எப்படி மறந்து போயிற்று?

"அப்பா ரூவான்காரர்தானே?" அனூக்கின் குரலில் சிரிப்பு இல்லை. "அங்க யாரும் இப்படிப் பண்ண மாட்டாங்களே."

"எங்கேயாவது பார்த்திருப்பார்" என்றாள் மிரேய். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

பாஸ்தியானோ இதற்குள் ஸ்பூனைக் கவிழ்த்து, ஒயினை ஊற்றி, சுழற்றிவிட்டான். கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தான். கடைசி ஒரு வாய் மிச்சம் இருக்கும்போது நிறுத்தி, புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, கிண்ணத்தை அக்கா பக்கம் தள்ளினான். "கடைசி வாய், பக்கத்துல இருக்கிற குட்டிக்கு" என்றான், லூசியானின் குரலிலேயே.

பின்னால் ஏதோ கடகடத்தது. வாத்துக்கறித் தட்டோடு வந்த செவ்ரின் அப்படியே நின்றிருந்தாள். தட்டின் விளிம்பில் ஸ்பூன் ஆடிக்கொண்டிருந்தது.

"யாரு சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டாள்.

"எங்க அப்பா" என்றான் அவன் பெருமையாக. "அந்தக் கடைசி வாய்க்கு நானும் அக்காவும் அடிச்சுக்குவோம். அவர் ரெண்டு பக்கமும் பார்த்துட்டு, யார் அழப் போறாங்களோ அவங்களுக்குக் கொடுப்பார்."

"அப்படியா" என்றாள் செவ்ரின். தட்டை வைத்தாள். சூப் கிண்ணங்களை அடுக்கினாள். அந்தக் கிண்ணத்துக்குக் கை நீட்டியபோது பாஸ்தியான், "அதை எடுக்காதீங்க, அது அக்காவோடது" என்றான். கையைச் சுட்டுக்கொண்டவள்போல் அவள் பின்வாங்கினாள்.

வாத்துக்கறியை யார் ருசித்தார்கள்? பாஸ்தியான் ருசித்தான். எலும்பைக் கையில் எடுத்துக் கடித்தான். அனூக் சாப்பிடவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா உருளைக்கிழங்கை நான்காக, எட்டாக, பொடியாக வெட்டிக்கொண்டிருந்தாள். மேஜைக்கடியில் அவள் கால் ஆட, மேஜையும் கிடுகிடுவென்று ஆடியது.

தட்டுகளை எடுக்க செவ்ரின் வந்தாள். இந்தத் தடவை அவள் மிரேயை நேராகப் பார்த்தாள்.

"பில் கொண்டு வரட்டுமா மேடம்?"

பக்கத்து மேஜைக் கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தர் வாய்க்குப் போன ரொட்டி பாதியில் நின்றது.

"பில்லா?" பாஸ்தியான் நாற்காலியில் நிமிர்ந்தான். "கடைசியில வர்ற சீஸே இன்னும் வரலயே! யாரும் கேக்காம பில்லா? எங்களைத் துரத்துறீங்களா என்ன? நாங்க என்ன தப்புப் பண்ணோம்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல சார்" என்றாள் செவ்ரின். பார்வை மிரேயை விட்டு நகரவில்லை. "மேடம் சொல்லட்டும். சீஸா, பில்லா?"

மிரேய் குனிந்து பார்த்தாள். கைப்பை மடியில் தயாராக இருந்தது. பில் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பணத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விடலாம். வியாழக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. வழியில் வேறொரு கடையில் நிறுத்தி, வேறொரு கேக் வாங்கி...

கைப்பையை எடுத்துக் கீழே போட்டாள்.

"பில் வேண்டாம். அனூக், பாஸ்தியான், இவங்க உங்க அப்பாவோட பொண்ணு. உங்க அக்கா."

நிறுத்தினால் முடியாது என்று பயந்து ஒரே மூச்சில் பேசினாள். "உங்க அப்பாவுக்கு ரூவான் ஊர் இல்ல. இந்த ஊர்தான். அவருக்கு இங்க பொண்டாட்டி இருந்தாங்க. அப்போ இவளுக்கு ஏழு வயசு. நான் இங்க தபால் ஆபீஸ்ல இருந்தேன். என்னாலதான் அவர் போனார். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னதும் நான்தான். அவர் பொய் சொன்னது எனக்காக."

"மிஷேல் இல்லையா அப்போ?" என்றான் பாஸ்தியான், பேயறைந்தவன் மாதிரி.

அனூக் முகம் வெளுத்துப் போயிருந்தது. "ஒரு பொய் சொன்னதில்லன்னு சொன்னேன். ரோட்டுல, ரெண்டு மணி நேரம் முன்னாடி. அழுதுக்கிட்டே சொன்னேன். நீ கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தே."

"அனூக்..."

"பேசாதே." அவள் எழுந்தாள். கார் சாவி அவள் கையில் இருந்தது. மிரேய் அதைத்தான் பார்த்தாள். இதோ, போகப் போகிறாள். இதற்குத்தானே பயந்து பயந்து மூன்று நாள் ஊர் ஊராக நின்றது.

அனூக் நகரவில்லை. செவ்ரினின் முகத்தை, அந்தப் புருவத்தை, ஏப்ரனை முறுக்கிக்கொண்டிருந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு சின்னக் குழந்தை கேட்கிற மாதிரி கேட்டாள். "அப்போ நான் மூத்தவ இல்லையா?"

"இல்ல" என்றாள் செவ்ரின். அவள் குரலும் உடைந்தது. "நான்தான்."

"உங்களுக்கும் கொடுப்பாரா? கடைசி வாய்?"

"வேற யாருக்குக் கொடுப்பார்? நான் ஒருத்திதானே இருந்தேன்."

அனூக் சாவியை மேஜைமேல் வைத்தாள். அந்தக் கிண்ணத்தை எடுத்து செவ்ரின் பக்கம் நகர்த்தினாள். "எனக்கு முப்பத்தேழு வருஷம் கிடைச்சுது" என்றாள்.

செவ்ரின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்கி, ஆறிப்போன அந்த ஒரு வாயைக் குடித்தாள். ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், வாயை மட்டும் இல்லை.

"மிளகு பத்தல" என்றாள். "அவர் இன்னும் போடுவார்."

"டாக்டர் வேண்டாம்னுட்டார்" என்றாள் அனூக். "கேக்க மாட்டார். திருட்டுத்தனமா போட்டுக்குவார்."

பாஸ்தியான் மேஜையைச் சுற்றி வந்து, கறி எண்ணெய்க் கையோடு செவ்ரினைக் கட்டிப்பிடித்து, இந்தக் கன்னத்திலும் அந்தக் கன்னத்திலும் முத்தம் வைத்தான். பக்கத்து மேஜைக் கிழவர் ஒருத்தர் பலமாக மூக்கைச் சிந்தினார். மிரேயை யாரும் பார்க்கவில்லை. அவளுக்கு அதுவே போதும் என்று இருந்தது. மூன்று நாளில் முதல்முறையாக மேஜைக்கடியில் அவள் கால் ஆடாமல் நின்றது. நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

தட்டு ஐந்து என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

மாடிப்படி கிரீச்சிட்டது.

"செவ்ரின்" என்றாள் மிரேய். "பெரிகோ போறதா..."

"போக மாட்டேன்னுட்டாங்க" என்றாள் செவ்ரின், தலையைத் தூக்காமல். "நானும் எவ்வளவோ சொன்னேன்."

கெச்சலான ஒரு பெண், வெள்ளை முடியை இழுத்துக் கட்டி, ஞாயிற்றுக்கிழமைக் கவுன் போட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் சீஸ் பலகையைத் தாங்கியபடி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். வழியில் எழுந்து நின்ற கிழவர்களைப் பார்வையாலேயே உட்கார வைத்தாள். மிரேய் தன்னை அறியாமல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"உட்காரு, உட்காரு" என்றாள் ஜனீன். "ஸ்டாம்ப் வாங்க எத்தனை தடவை வந்திருப்பேன், ஒரு நாளாவது எனக்காக எழுந்திருப்பியா? இப்ப என்ன புதுசா மரியாதை?"

பலகையை அவள் முன்னால் வைத்தாள். கத்தியை எடுத்து, பிடிப் பக்கத்தை மிரேய்க்கு நீட்டினாள்.

"முதல் துண்டு நீயே எடுத்துக்கோ. கேக்காம எடுக்கறது உனக்குப் பழக்கம்தானே."